ஒரு நாளைக்கு ஒரு மூடி

அன்பு மகள் கலாவுக்கு,

நீ திங்கட்கிழமை கொழும்புக்குப் போகிறாய். பஸ் நிலையத்தில் உன்னை ஏற்றிவிடும்போது எனக்குப் பேச இடம் கிடைக்காது. அடையாள அட்டை எங்கே, குடை எங்கே, சோற்றுப் பார்சலை மடியில் வை, சோதனைச் சாவடியில் வாயைத் திறக்காதே என்று பஸ் நகரும்வரை உன் அம்மாதான் பேசுவாள். அரைவாசி உலகத்து மொழிகளில் ஆளை மடக்கிய இந்த வாய் ஒரு ஓரமாக நின்று கையாட்டும். அதனால்தான் எழுதுகிறேன். மருந்துகளைப் பரிசோதிக்கும் கூடத்தில் வேலைக்குப் போகிற முதல் பிள்ளை இந்த மாத்தளை மாவட்டத்திலேயே நீதான். ஊரும் தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு பிரதியைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். "மாவட்டமா? நம்ம தெருவுல முதல் பிள்ளைன்னு எழுதுங்க, அதுவே போதும்" என்று உன் அம்மா அடுப்படியிலிருந்து சொல்கிறாள். நான் எதைச் சொன்னாலும் பாதியாக்கிக் கேட்க வேண்டும் என்பது அவள் கட்சி. ஆக்கிக்கொள். பாதியானாலும் உன் அப்பன் கதை பெரிய கதைதான்.

எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டேன். மீதியைச் சொல்லித் தந்தது கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ-ஒன்பது பாதை. அலுவிகாரையைத் தாண்டி நாலந்தா போகிற வழியில் பண்டா முதலாளியின் வாசனைத் தோட்டத்துக்குக் கைடாகப் போனபோது எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. கறுவா, கராம்பு, சாதிக்காய், ஏலம், கொக்கோ என்று ஒவ்வொரு மரமாகக் காட்டி, இலையைக் கசக்கி மூக்கில் வைத்து, கடைசியில் கடைக்குள் கொண்டுபோய்த் தைலமும் பாணியும் வாங்க வைப்பது வேலை. கால்முடி எடுக்கும் கிறீமை வெள்ளைக்காரர் காலில் தடவி, அவர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் துடைத்து, வழவழவென்று காட்டுவேன். கைதட்டுவார்கள். ஜெர்மன்காரர் ஒருவர் என் சாதிக்காய் விளக்கத்தைக் கேட்டுக் கண்கலங்கினார். புகை பட்டதால் கலங்கியது என்று உக்குவளை நிசாம் நானா சொல்வார். நானா பாணி காய்ச்சுகிறவர், அவருக்கு எல்லாமே புகைதான். டிரைவர்களும் பயணிகளும் என்னை அங்கிள் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, என் சொந்தப் பெயர் வாக்காளர் இடாப்பில் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

மகளே, அந்த மூடிப் பழக்கம் எப்படி வந்தது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் வேலைக்கு அது உதவும். பிரச்சினைக் காலத்தில், முன்பின் தெரியாதவன் கொடுத்ததை யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். சோற்றுப் பார்சலைக்கூடச் சாவடியில் பிரித்துக் கிளறிப் பார்த்த காலம். அப்படிப்பட்ட சனத்துக்கு ஒரு போத்தல் பாணியை விற்பது எப்படி? நான்தான் வழி கண்டுபிடித்தேன். போத்தலின் மூடியில் பாணியை ஊற்றி, எல்லார் கண் முன்னாலும் முதலில் நான் குடிப்பேன். பிறகு வயிற்றைத் தட்டிக் காட்டுவேன். பார்த்தவர்கள் சிரிப்பார்கள், அப்புறம் கையை நீட்டுவார்கள். நான் ஆரம்பித்ததைப் பார்த்துப் பாதையோரத்துத் தோட்டம் எல்லாவற்றிலும் கைடுமார் மூடியைத் தூக்கினார்கள்.

பிறகு சண்டை நின்று பாதை திறந்த வருஷம் வந்தது. எத்தனையோ காலம் மூடிக் கிடந்த வடக்குப் பாதையில் பஸ்கள் ஓடின. யாழ்ப்பாணத்து டீச்சர்மார் கண்டி பார்க்க வந்தார்கள். கனடாவிலிருந்து வந்தவர்கள் ஊருக்குப் போகிற வழியில் இறங்கினார்கள். தெற்கிலிருந்து சிங்களச் சனம் நயினாதீவு விகாரைக்குப் போகும்போதும் வரும்போதும் நம் வாசலில்தான் தேநீர். காலையில் திறக்கும் வாயை இருட்டும்போதுதான் மூடுவேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மூடி. அந்த நாட்களில் உன் அப்பன் சோறு குடித்த அளவைவிடப் பாணி சாப்பிட்ட அளவு கூட. மாற்றி எழுதிவிட்டேன், பரவாயில்லை, இரண்டும் உண்மைதான்.

அதுவரைக்கும் அது வெறும் நெல்லிப்பாணி. நெல்லி, இஞ்சி, வல்லாரை, கொஞ்சம் மிளகு, கித்துள் மரத்துப் பாணியில் போட்டுக் காய்ச்சியது. சனம் வந்து விழுந்ததும் முதலாளிக்கு ஆசை வந்தது. டவுனில் மருந்துக் கடைக்காரர்கள் வெளிநாட்டு விற்றமின் டின்களைக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்தார்கள். சனம் அதையும் வாங்கியது. "அங்கிள், நம்மளோடதும் விற்றமின் பாணிதான்" என்று ஒருநாள் முதலாளி சொன்னார். லேபல் மாறியது. ஏயிலிருந்து தொடங்கி எனக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் அதில் இருந்தது. சும்மா எழுதிவிடவும் இல்லை. அவருடைய மச்சான் எங்கிருந்தோ ஒரு பெரிய டின்னில் மஞ்சள் தூள் மாதிரி விற்றமின் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு சட்டிக்கும் அதில் அகப்பை அகப்பையாகப் போனது. நான் அதையும் மூடி மூடியாகக் குடித்தேன். ஏமாற்றவில்லை, பார். விற்றதைத்தான் குடித்தேன்.

கொஞ்ச மாதத்தில் எனக்கு மாற்றம் தெரிந்தது. உள்ளங்கையில் தோல் உரிந்தது. உதடு வெடித்தது. தலை இடித்தது. முடி கொத்துக் கொத்தாக வந்தது. முடி வளரும் தைலம் விற்கிறவன் தலையில் முடி நிற்கவில்லை. "அங்கிள், நீங்க இந்தத் தைலம் பூசுறதில்லையா?" என்று ஒரு யாழ்ப்பாணத்து அம்மா கேட்டார். "பூசத்தான் போனேன் அம்மா, அவசரத்தில் கால்முடி கிறீமில் கை போயிட்டுது" என்றேன். பஸ்ஸே சிரித்தது. அன்றைக்கு விற்பனை அமோகம். இதெல்லாம் சத்து உடம்பில் பிடிக்கிற அடையாளம் என்றுதான் நான் எல்லாருக்கும் சொன்னேன், எனக்கும் அதையே சொன்னேன்.

நீ பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து லீவுக்கு வந்த அந்த இரவுச் சாப்பாடு ஞாபகம் இருக்கிறதா? ரொட்டியும் கட்டச்சம்பலும். நான் ரொட்டியைப் பிய்த்தபோது நீ என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அப்பா, கைய காட்டுங்க."

"என்ன, ரேகை பாக்கப் போறியா?"

"தோல் உரியுதுப்பா."

"பாம்புக்கும்தான் உரியுது. உள்ளுக்குள்ள புதுசாகுது புள்ள."

"பாம்புன்னு அவரே ஒத்துக்கிட்டாரு" என்றாள் உன் அம்மா.

அப்போதுதான் கொழும்பிலிருந்து அந்தப் பேச்சு வந்திருந்தது. விற்றமின், சத்துப் பாணி, சத்து மாவு என்று விற்கப்படும் எல்லாவற்றையும் பதிய வேண்டும், பரிசோதிக்க வேண்டும், உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று லேபலில் எழுத வேண்டும், நோய் தீரும் என்று சொல்லக் கூடாது. மாத்தளையில் கூட்டம் வைத்து எங்கள் அபிப்பிராயம் கேட்கப் போகிறார்கள் என்றார்கள். பாதையோரத்துத் தோட்டக்காரர் எல்லாரும் கூடி, எதிர்த்துப் பேச ஒரு ஆளைத் தெரிவு செய்தார்கள். யாரை என்று கேட்கவும் வேண்டுமா? நான் ரொட்டியோடு அந்தச் செய்தியையும் உன் முன்னால் வைத்தேன். பாராட்டுவாய் என்று பார்த்தால் சண்டைக்கு வந்தாய்.

"சட்டம் வரணும்பா. என்ன இருக்குன்னு தெரியாம எப்படிக் குடிக்கிறது?"

"நெல்லிக்காய்க்கு எதுக்கு புள்ள சட்டம்? மரத்துல தொங்குறது. பதியிற காசு எங்கள மாதிரி ஆள்கிட்ட ஏது? வெளிநாட்டு டின்காரன் ஒரு கையெழுத்தோட உள்ள வந்துருவான். நாங்க கொட்டகைய மூடிட்டுப் போகணுமா?"

"அது நியாயம். அத கேளுங்க. சின்ன ஆளுக்குச் சின்னக் கட்டணம்னு கேளுங்க. பரிசோதனையே வேணாங்கிறது எப்படி?"

"நோய் தீரும்னு சொல்லக் கூடாதாம். அப்போ நான் என்னத்தச் சொல்லி விக்கிறது? இனிக்கும்னா? அதுக்குக் கடையில சீனி இருக்கே!"

"சத்து கூடினாலும் உடம்பு தாங்காதுப்பா. உப்பு நல்லதுதான். ஒரு கை அள்ளிக் கறியில போடுங்க பாப்போம்."

"நேத்து போட்டாரு" என்றாள் உன் அம்மா. "நானும் தின்னேன்."

மறுநாள் நீயும் என்னோடு தோட்டத்துக்கு வந்தாய். மரங்களைப் பார்க்க வரவில்லை, நேரே கொட்டகைக்குப் போனாய். நிசாம் நானா சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தார். "வாங்க தங்கச்சி, டொக்டரம்மா வந்தா பாணிக்கே மரியாத" என்று பலகையைத் துடைத்துக் கொடுத்தார். நீ உட்காரவில்லை. அந்தப் பெரிய டின்னைத் தூக்கித் திருப்பினாய். முன்பக்கத்தில் அழகான ஒரு சேவல். நான் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

"நானா, இதுல கோழிப் படம் இருக்கே?"

"ஓ, அது கம்பெனி மார்க் தங்கச்சி. நெருப்புப் பெட்டியில யானப் படம் ஈக்கி. யானையா பத்துது?"

நீ பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்தாய். உன் முகம் மாறியதை அன்றைக்குப் பார்த்தேன் மகளே. கண்டியில் பரீட்சை முடிவு பார்க்கப் போனபோதுகூட நீ அப்படி வெளிறவில்லை. "அப்பா, இது மார்க் இல்ல. இது கோழிக்குத்தான். தீனியில கலக்குறது. ஒரு மூட்டை தீனிக்கு ஒரு சின்னக் கரண்டி போதும்னு போட்டிருக்கு." முதலாளியின் மச்சானுக்குக் கோழிப் பண்ணை இருந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நிசாம் நானா அகப்பையைக் கீழே வைத்தார். என் தலையைப் பார்த்தார். "அதான் அங்கிள், உரிச்ச கோழி மாதிரி ஆகிட்டீங்க" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நானும் அவரும் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. "ஒரு போத்தல் வாங்கி அப்பப்ப குடிச்சவங்களுக்குப் பெருசா ஒண்ணும் ஆகாதுப்பா. நீங்கதான் நாளெல்லாம் குடிச்சிருக்கீங்க. ஆனா வயித்துல பிள்ள இருக்கிறவங்க குடிக்கவே கூடாது. பிள்ளைய பாதிக்கும்" என்றாய். எங்கள் சிரிப்பு அதோடு நின்றது. நம் மாலா ஞாபகம் வந்தது.

உன் மாமன் பெண்சாதி மாலா, கல்யாணமாகி எத்தனை வருஷம் கோயில் கோயிலாக நடந்தவள் என்று உனக்குத் தெரியும். அவளுக்கு மாதம் தள்ளிப்போன சந்தோஷத்தில் முந்தின ஞாயிறு மாரியம்மன் கோயில் வாசலில் வைத்து நானே என் கையால் இரண்டு போத்தல் கொடுத்திருந்தேன். பிள்ளை சிங்கம் மாதிரி பிறக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

நிசாம் நானாவின் த்ரீவீலர் உக்குவளைப் பாதையில் அன்றைக்கு ஓடியதுபோல் எந்த வண்டியும் ஓடியதில்லை. பறந்தது என்றே சொல்வேன். நடுவில் சாவடியில் நிறுத்தினார்கள். அந்தச் சிப்பாய்ப் பையனுக்கு நான் சிங்களத்தில் விஷயத்தைச் சொல்ல, "யண்ட மாமா, யண்ட", போங்கள் போங்கள் என்று அவனே தடையைத் தூக்கிவிட்டான். உக்குவளைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், மாலா வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு மூச்சு வாங்கியது. இந்த வாய்க்குப் பேச்சு வராத நாள் அது ஒன்றுதான். நீதான் கேட்டாய்.

"அத்தே, அப்பா குடுத்த பாணி?"

"அதுவா? சாமி படத்துக்கு முன்னால வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பாத்துத் தொடங்கலாம்னு. ஏன் அண்ணே இப்படி வேர்க்குது? உக்காருங்க, தேத்தண்ணி ஊத்துறேன்."

இரண்டு போத்தலும் மூடி திறக்காமல் பொட்டு வைத்துக்கொண்டு மாரியம்மன் படத்துக்கு முன்னால் நின்றன. வெள்ளிக்கிழமை தொடங்கு என்று அன்றைக்கு நான்தான் அவளிடம் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். என் ஞாபகம் அப்படித்தான். மாலா இல்லை என்கிறாள். போகட்டும். நான் அந்தப் போத்தல்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தேநீரைக் குடித்தேன். பாதி வேட்டியில்.

திரும்பி வரும்போது நீ கேட்டாய், "மாலா அத்தைக்கு நாம போனோம். பஸ்ஸுல போனவங்களுக்கு யார் போறது?" வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் காலிக்கும் யார் யார் பையில் என் பாணி போனதோ எனக்குத் தெரியாது. ஒவ்வொருவர் முன்னாலும் நான் குடித்துக் காட்டித்தானே விற்றேன். என்னை நம்பித்தான் வாங்கினார்கள். முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "அங்கிள், டின்ன தூக்கிப் போடுறேன். இனி காய்ச்சுறப்ப போட வேணாம். ஆனா வெளிய மூச்சு விட்டா தோட்டம் முடிஞ்சுது. உன் வேலையும் முடிஞ்சுது" என்றார். கெட்ட மனுஷன் இல்லை அவர். அவர் வீட்டிலும் அந்தப் பாணி இருந்தது, அவர் பேரப்பிள்ளை குடித்தது. பயந்துபோயிருந்தார். தோட்டத்தை நம்பி எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்தது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கூட்டத்துக்கு மண்டபம் நிறைந்து வழிந்தது. மாத்தளைத் தேருக்குக்கூட அவ்வளவு சனம் வந்திருக்காது. (கலா அம்மா, நீ பேசாதே.) ஒரு பக்கம் தோட்டக்காரர்கள், ஒரு பக்கம் நாட்டு வைத்தியர்கள், ஒரு பக்கம் டை கட்டிய டின்காரர்கள். மேடையில் கொழும்பிலிருந்து வந்த ஒரு பெண் அதிகாரி, நோனா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டோம். அவர்களுக்குள்ளேயே இன்னும் முடிவாகவில்லை, இது சாப்பாடா மருந்தா என்று. மருந்துப் பகுதியைக் கேட்டால் சாப்பாட்டுப் பகுதியைக் காட்டினார்கள், சாப்பாட்டுப் பகுதியைக் கேட்டால் மருந்துப் பகுதியை. டை கட்டியவர்கள் பேசினார்கள், விரும்புகிறவன் வாங்குகிறான், அரசாங்கம் ஏன் நடுவில் வருகிறது என்று. அதுவரைக்கும் நானும் அதைத்தான் பேசுவதாக இருந்தேன். பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். தோட்டக்காரர்கள் கைதட்டினார்கள். முதலாளி முன்வரிசையில் இருந்து எனக்குத் தலையாட்டினார். நீ பின்னால் கதவோரம் நின்றாய்.

நான் மேடையில் ஏறியதும், மாலா வீட்டிலிருந்து கொண்டுவந்த போத்தலைப் பையிலிருந்து எடுத்தேன். பொட்டு அப்படியே இருந்தது. மூடியைத் திருகினேன். பாணியை ஊற்றினேன். என்னைத் தெரிந்தவர்கள் சிரித்தார்கள், அங்கிள் இங்கேயும் குடிக்கப் போகிறார் என்று. நான் மூடியை வாய்வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினேன். பிறகு மேடையை விட்டு இறங்கிப் போய் முதலாளி முன்னால் நின்றேன். சிங்களத்தில்தான் சொன்னேன், எல்லாருக்கும் விளங்கட்டும் என்று: "முதலாளி, இத்தனை வருஷம் நான்தான் முதல்ல குடிச்சேன். இன்னைக்கு நீங்க முதல்ல குடிங்க."

முதலாளி மூடியைக் கையில் வாங்கினார். பார்த்தார். குடிக்கவில்லை. மூடியை மெதுவாக நாற்காலிக் கையில் வைத்தார். நான் ஒலிபெருக்கிக்குத் திரும்பிப் போய் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். தலையையும் குனிந்து காட்டினேன். பிறகு சேவல் படத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் கூட்டவில்லை மகளே. என் வாழ்நாளில் நான் ஒன்றையும் கூட்டாமல் சொன்ன கதை அது ஒன்றுதான், அதற்குத்தான் அதிகமான கைதட்டு. நடுவில் முதலாளி எழுந்து, "எங்க யாருக்கும் தெரியாது நோனா, கோழிங்க நல்லா இருந்திச்சு!" என்று கத்தினார். சனம் கூரை தூக்கச் சிரித்தது. அவரும் கடைசியில் சிரித்துவிட்டார், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

அதிகாரி நோனா என்னிடம் கேட்டார், "அங்கிள், அப்போ நீங்களே சொல்லுங்க. இது சாப்பாடா, மருந்தா?"

"நோனா, குடிக்கிறவளுக்கு அது என்ன பகுதின்னு தெரிய வேணாம். உள்ள என்ன இருக்கு, எவ்வளவு குடிக்கலாம், யார் குடிக்கக் கூடாது, அத எழுதுங்க. மூணு பாஷையிலயும் எழுதுங்க. என்ன மாதிரி ஒருத்தன் குடிச்சுக் காட்டினான்னு நம்பி யாரும் வாங்கக் கூடாது. ஆனா பரிசோதிக்கிற காச எங்க தலையில கட்டாதீங்க. கொட்டகையில காய்ச்சிற ஆளுக்கு ஒரு கட்டணம், கப்பல்ல கொண்டுவர்ற ஆளுக்கு ஒரு கட்டணம். கொட்டகைய மூடினா நெல்லிப்பாணி போயிடும், கோழித்தூள் வேற பேர்ல வரும்."

முன்வரிசை டைகள் முகத்தைத் திருப்பின. நாட்டு வைத்தியர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். கட்டணப் பேச்சு உன் வாயிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மண்டபத்துக்குத் தெரியாது. நீ கதவோரம் நின்று அழுதாய் என்று நிசாம் நானா சொன்னார். புகையாக இருக்கும் என்று நான் சொன்னேன்.

அன்றைக்கே முதலாளி, நாளைக்கு வர வேண்டாம் என்றார். வீட்டில் இருந்தேன். ஆஸ்பத்திரி டொக்டர் பாணியை விடச் சொன்னபடி விட்டேன். தலையிடி போனது, கை ஆறியது, முடியும் வந்தது, முன்னைவிட நன்றாகவே வந்தது. பத்திரிகையில் செய்தி வந்தது, ஒரு மூலையில்தான், ஆனால் வந்தது. அதைவிடப் பெரிய பத்திரிகை பஸ் டிரைவர்மார். பாதை முழுக்க அவர்கள் வாயில் சேவல் கதை போனது. அப்புறம் போத்தல்கள் திரும்பி வரத் தொடங்கின. வவுனியாவிலிருந்து ஒரு டிரைவர் ஒரு சாக்கில் கட்டிக் கொண்டுவந்தான். சாவகச்சேரி டீச்சர் ஒருவர் பாதி குடித்த போத்தலைப் பேப்பரில் சுற்றி, "அங்கிளிடம் கொடுக்கவும்" என்று எழுதி அனுப்பினார். ஒவ்வொரு டிரைவரும் தோட்ட வாசலில் இறங்கி, அங்கிள் எங்கே என்று கேட்டான். அங்கிள் இல்லை என்றால் பஸ்ஸை அடுத்த தோட்டத்துக்கு விட்டான். முதலாளி எத்தனை நாள் தாங்குவார்? ஒருநாள் பின்னேரம் ஒரு பெட்டிப் போத்தலோடு நம் வீட்டுக்கு வந்தார். பழைய நெல்லிப்பாணி, தூள் இல்லாதது. வந்தவர் என்னிடம் பேசவில்லை. உன்னைப் பார்த்து, மகளே என்கிற மாதிரி, "துவே, லேபல்ல என்ன எழுதுறது?" என்று கேட்டார்.

நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். உள்ளே உள்ளதெல்லாம். கடைசியில் இரண்டு வரி: ஒரு நாளைக்கு ஒரு மூடி. கர்ப்பிணித் தாய்மார் வைத்தியரைக் கேட்டுக் குடிக்கவும். அந்த முதல் வரி மட்டும் என்னுடையது, நீ "பத்து மில்லிலீற்றர்" என்றாய், நான்தான் மூடி என்றேன். மூடி எல்லாருக்கும் விளங்கும். இன்றைக்கு அந்த வரி சிங்களத்திலும் தமிழிலும் இங்கிலீஷிலும் இந்தத் தீவு முழுக்கப் போகிறது. எட்டாம் வகுப்புப் படித்தவன் எழுதியதை இவ்வளவு பேர் வாசிக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள். நானும் தோட்டத்துக்குத் திரும்பினேன். விற்பனை கொஞ்ச நாள் படுத்தது, பிறகு எழுந்தது. மாலாவின் மகன் இப்போது பாலர் பள்ளிக்கூடம் போகிறான். சிங்கம்தான், சத்தத்தில்.

சட்டம் இன்னும் முழுசாக வரவில்லை என்று சொல்கிறார்கள். சாப்பாடா மருந்தா என்று இன்னும் பேசுகிறார்களாம். வடக்குப் பாதையும் மறுபடி மூடிவிட்டது. அந்தப் பக்கத்துப் பஸ்கள் இல்லை. நாளைக்கு என்ன என்று யாருக்கும் தெரியாத நேரத்தில்தான் உன்னை அனுப்புகிறேன். ஆனாலும் எனக்குப் பயம் இல்லை. நீ உட்காரப் போகிற மேசைக்கு ஒருநாள் ஒருத்தன் போத்தலோடு வருவான். நன்றாகப் பேசுவான். உன்னைச் சிரிக்க வைப்பான். "மிஸ், நானே தினமும் குடிக்கிறேன், எனக்கு என்ன ஆச்சு?" என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவான். அவனைப் பார்த்தால் என் ஞாபகம் வரும், மனசு இளகும். இளகட்டும். அவனுக்கு நாற்காலி போடு, தேநீர் கொடு, அவன் கதையைக் கேள். கட்டணம் கட்ட முடியாதவன் என்றால் அவனுக்காக மேலே பேசு. ஆனால் போத்தலை வாங்கி உள்ளே கொண்டுபோய்ப் பரிசோதி. அவன் கையையும் ஒருதரம் பார்.

உன் பையில் துணிகளுக்கு நடுவில் ஒரு போத்தல் வைத்திருக்கிறேன். நிசாம் நானா புதிதாகக் காய்ச்சியது. இதற்காக நான் குடித்துக் காட்டப் போவதில்லை. போனதும் முதல் வேலையாக அதைத் திறந்து, உன் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, உனக்குத் தெரிந்த சோதனை எல்லாம் செய். தேறும். எனக்குத் தெரியும் தேறும். தேறிய பிறகு குடி.

ஒரு நாளைக்கு ஒரு மூடி.

உன் அப்பா